புத்தகத்தில் அப்படி இல்லை, டீச்சர்!



2024 ஜனவரியில் ஒரு நாள். ஓய்வு நேரம் முடிந்து ஐந்தாம் ஆண்டு வகுப்பிற்குள் நுழைகிறேன். எழுந்து வணக்கம் கூற எவருக்கும் நேரமில்லை. வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதம் செய்துகொண்டிருந்தது. பந்து விளையாட்டில் எழுந்த சண்டையாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படியில்லை. ஒரு மாணவன் மேசையைத் தட்டியபடி என்னிடமே முறையிட்டான்.

"கதவைத் திறந்ததுமே அது மெடூசான்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருச்சி. புக்குல அப்படி இல்ல, டீச்சர்!"

மற்றொருவன், "அதெல்லாம் பரவால்ல. தொடர்தான் நல்லா இருக்கு. புக்கு ரொம்ப நீளம்" என்றான். இன்னொருவன் பின்னாலிருந்து, "அன்னபெத் வேற கறுப்பா இருக்கா. பொருத்தமே இல்ல" என்றான். நான்கைந்து பேர் சிரித்தார்கள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "சரி, சரி, போதும். பாடநூலை எடுங்கள்" என்றேன். அன்றைய பாடம் கருத்துணர்தல்! உயிரோடு நடந்துகொண்டிருந்த ஒரு கருத்துணர்தலை நிறுத்திவிட்டு, பாடநூலில் இருந்த ஐந்து வினாக்களுக்கு விடை எழுதச் சொன்ன ஆசிரியை அடியேன். அது முதல் தவறு. இரண்டாவது தவறு அதைவிடப் பெரியது. அந்தச் சிரிப்பு எழுந்தபோது மூன்றாம் வரிசையில் இருந்த ஒரு மாணவி தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்தேன். பார்த்தும் பாடத்தைத் தொடங்கினேன்.

இந்தப் பதிவு அந்த இரண்டு தவறுகளையும் பற்றியது. ஆசிரிய நண்பர்களும் பெற்றோர்களும் பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன்.

அவர்கள் வாதம் செய்தது பெர்சி ஜாக்சன் தொடரைப் பற்றி. அறியாதவர்களுக்காகச் சில வரிகள். கிரேக்கப் புராணத் தெய்வங்கள் இன்றைய அமெரிக்காவில் வாழ்வதாகவும், அவர்களுக்கும் மானிடர்க்கும் பிறந்த பிள்ளைகள் ஒரு முகாமில் பயிற்சி பெறுவதாகவும் கற்பனை செய்து எழுதப்பட்ட புதின வரிசை இது. முதல் நூலான 'மின்னல் திருடன்' 2005ஆம் ஆண்டில் வெளிவந்தது. 2009க்குள் ஐந்து நூல்கள். எழுதியவர் ரிக் ரியோர்டன். எழுத்தாளராகப் பெயர் பெறுவதற்கு முன் ஏறத்தாழ 15 ஆண்டுகள் பள்ளியில் கற்பித்தவர். ஆம், நம் இனத்தவர். ஆசிரியர் இனத்தைச் சொல்கிறேன்.

அவருடைய மகனுக்கு ஏ.டி.எச்.டி. எனும் கவனக் குறைபாடும், எழுத்துகளை வாசிப்பதில் இடர் தரும் டிஸ்லெக்சியாவும் இருந்தன. பள்ளியில் எதுவும் பிடிக்காத அச்சிறுவனுக்குக் கிரேக்கப் புராணம் மட்டும் பிடித்தது. இரவில் தந்தை அக்கதைகளைச் சொன்னார். புராணக் கதைகள் தீர்ந்தபின், புதிதாக ஒன்று சொல்லும்படி மகன் கேட்டான். அப்படிப் பிறந்தவன்தான் பெர்சி. அவனுக்கும் அதே இரண்டு இடர்கள். ஆனால் கதையில் அவற்றுக்கு வேறு காரணம் உண்டு. அவன் மூளை பண்டைய கிரேக்க மொழிக்காக அமைந்தது. ஆகவே ஆங்கில எழுத்துகள் கண்முன் மிதக்கின்றன. அவன் உடல் போர்க்களத்திற்காக அமைந்தது. ஆகவே நாற்காலியில் அடங்கி உட்கார முடியவில்லை. ஒரு தந்தை தம் மகனுக்குச் சொன்ன ஆறுதல் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. நம் வகுப்பறைகளிலும் இத்தகைய பிள்ளைகள் இருக்கிறார்கள். மாற்றுப் பணித்தாள் தயாரித்துக் கொடுத்திருக்கிறோம். மாற்றுக் கதை சொன்னதுண்டா?

நிற்க. இக்கதை முதலில் திரைப்படமாகத்தான் வந்தது. 2010இல் ஒன்று, 2013இல் ஒன்று. நூலில் 12 வயதுச் சிறுவனாக இருக்கும் பெர்சியைப் படத்தில் வளர்ந்த இளைஞனாக்கிவிட்டார்கள். படைத்தவரே அப்படங்களை ஏற்கவில்லை. படப்பிடிப்புக்கு முன் 2009இல் தயாரிப்பாளர்களுக்குத் தாம் எழுதிய எச்சரிக்கைக் கடிதங்களைப் பின்னர் அவரே பொதுவில் வெளியிட்டார். இப்படங்களை வகுப்பில் போட்டுக் காட்டி மாணவர்களைத் தண்டிக்காதீர்கள் என்று ஆசிரியர்களிடம் அவர் கேட்டுக்கொண்டதும் உண்டு. தவணை இறுதியில் பாடத்திட்டம் முடிந்ததும் திரைப்படம் போட்டுவிட்டுப் பதிவேடு நிரப்பும் நம் போன்றோர்க்கு இது சுருக்கென்று தைக்கும்.

எனவே டிஸ்னி பிளஸ் தளத்திற்காக இது தொலைக்காட்சித் தொடராகிறது, ரியோர்டனும் அவர் மனைவியும் தயாரிப்பில் பங்கேற்கிறார்கள் என்ற செய்தி வந்தபோது வாசகர்கள் மகிழ்ந்தார்கள். இம்முறை புத்தகம் புத்தகமாகவே வரும் என்று நம்பினார்கள். முதற்பருவம் 2023 டிசம்பரில் எட்டு அங்கங்களாக வெளிவந்தது. இரண்டாம் பருவம் 2025 டிசம்பரில் வந்தது.

இங்குதான் சுவையான சிக்கல். இம்முறையும் மாற்றங்கள் இருந்தன; அவற்றில் படைத்தவருக்கும் பங்கிருந்தது! வாசகர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். முன்பு "எழுத்தாளருக்குத் துரோகம் செய்துவிட்டார்கள்" என்று இயக்குநரைத் திட்டலாம். இப்போது எழுத்தாளரிடமே, "ஐயா, உங்கள் கதையை நீங்களே மறந்துவிட்டீர்கள்" என்று சொல்ல வேண்டியதாயிற்று. பலர் சொன்னார்கள். சிலர் அவர் சொல்வதே முடிவு என்றார்கள். ஒரு நூல் அச்சாகி வெளிவந்தபின் அது எழுதியவருக்குச் சொந்தமா, இருபது முறை படித்தவருக்குச் சொந்தமா? ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் விரிவுரையாளர் இதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியது நினைவிருக்கிறது. அன்று எனக்கு விளங்கவில்லை. பத்து வயதுப் பிள்ளைகள் சண்டையிட்டபோது விளங்கியது.

அவர்களின் முதல் முறையீட்டை எடுத்துக்கொள்வோம். புதினத்தில் பெர்சியும் அவன் தோழர்கள் அன்னபெத், குரோவர் இருவரும் பசியோடு காட்டில் அலைந்து, சாலையோரத்தில் சிலைகள் விற்கும் ஒரு கடையை அடைகிறார்கள். முக்காடிட்ட ஓர் அம்மையார் அன்போடு வரவேற்று உணவு தருகிறார். சுற்றிலும் கல்லாய் நிற்கும் உருவங்கள். எல்லா முகங்களிலும் அச்சம். படிக்கும் பிள்ளை, "ஐயோ, அது மெடூசா, ஓடுங்கள்" என்று மனத்துக்குள் கத்துகிறது. பெர்சியோ சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். தொடரில் இப்பதற்றம் இல்லை. அவள் யாரென்று தெரிந்தே உள்ளே செல்கிறார்கள். மாறாக, மெடூசா தனக்கு இழைக்கப்பட்ட அநீதியைத் தன் வாயால் சொல்கிறாள். அது நூலில் இல்லாத நல்ல செய்தி. வளர்ந்தவர்கள் வெகுவாகப் பாராட்டினார்கள். எனக்கும் பிடித்தது. ஆனால் பிள்ளைகளுக்கு அச்சம் போய்விட்டது. அவர்களுடைய குறை நியாயமானதே.

தாமரை உணவு தரும் மாய விடுதியிலும் இதே கதை. புதினத்தில் சில மணி நேரம் விளையாடிவிட்டு வெளியே வந்தால் ஐந்து நாள் கழிந்திருக்கும். கெடுவுக்கு ஒரு நாளே எஞ்சியிருக்கும். படிப்பவனுக்கும் அவர்களோடு சேர்ந்தே வயிறு கலங்கும். தொடரில் அது எத்தகைய இடம் என்பது முன்கூட்டியே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் நேரம் போகிறது. கெடுவே தப்பிப்போகிறது. கெடு தப்பியபின்னும் கடமையைச் செய்யச் செல்கிறான் என்பதால் பெர்சியின் பெருமை கூடுகிறது என்பார் உண்டு. இருக்கலாம். எனக்கென்னவோ, தேர்வு மண்டபத்தில் கடைசி ஐந்து நிமிடம் என்று அறிவிப்பதற்கும், நேரம் முடிந்தபின் தொடர்ந்து எழுதலாம் என்பதற்கும் உள்ள வேறுபாடாகத்தான் தோன்றுகிறது.

மூன்றாவது மாற்றம் ஒன்று உண்டு. பிள்ளைகள் அதைப் பெரிதாகப் பேசவில்லை. நான்தான் பேச விரும்புகிறேன். பெர்சிக்கு ஒரு மாற்றாந்தந்தை. கேப் என்று பெயர். புதினத்தில் அவன் கொடியவன். பெர்சியின் தாயை அவன் அடிப்பவன் என்பது கதை முடியும் தறுவாயில் பெர்சிக்கு விளங்கும். எழுத்தாளர் அதை விரித்து எழுதவில்லை. அதனாலேயே நெஞ்சில் நிற்கும். தொடரில் கேப் ஒரு சோம்பேறி, சிரிப்புக்குரியவன், அவ்வளவுதான். குடும்பத்தோடு அமர்ந்து பார்க்கும் தொடர் என்பதால் மென்மையாக்கியிருக்கலாம். பெற்றோரில் பலர் இதை வரவேற்பீர்கள். நான் தயங்குகிறேன். 18 ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்றவள் என்ற முறையில் சொல்கிறேன்: ஒவ்வோர் ஆண்டும் என் வகுப்பில் ஒரு கேப்பை அறிந்த பிள்ளை இருந்திருக்கிறது. கட்டுரையில் எழுதாது, கேட்டால் சொல்லாது. அந்தப் பிள்ளைக்கு அந்நூல் ஒரு துணை. உன்னைப் போல் ஒருவன் இருந்தான், அவன் வீரனானான் என்று நூல் சொல்லியது. தொடரில் அந்தத் துணையை எடுத்துவிட்டார்கள்.

இப்போது அந்தச் சிரிப்புக்கு வருகிறேன்.

அன்னபெத்தாக நடித்தவர் லியா ஜெஃப்ரிஸ் எனும் கறுப்பினச் சிறுமி. நூலில் அன்னபெத்திற்குப் பொன்னிறக் கூந்தல், சாம்பல் நிறக் கண்கள். 2022 மே மாதத்தில் இவர் பெயர் அறிவிக்கப்பட்டபோது அவருக்கு வயது 12. நம் ஆறாம் ஆண்டு மாணவியின் வயது. அந்தப் பிள்ளையை நோக்கி வளர்ந்தவர்கள் எறிந்த சொற்களை இங்கு எழுத மனம் வரவில்லை. 'நூலுக்கு உண்மையாக இல்லை' என்பதுதான் அவர்களில் பலர் முன்வைத்த காரணம். ரியோர்டன் வாளாவிருக்கவில்லை. சில நாள்களிலேயே நீண்ட விளக்கம் ஒன்றை வெளியிட்டார். தோற்றத்தை அல்ல, அன்னபெத்தின் அறிவையும் துணிவையும் யார் கொண்டுவருவார் என்று பார்த்தே தேர்ந்தோம் என்றார். தோலின் நிறத்தால் மட்டும் அவர் பொருந்தமாட்டார் என்பது இனவெறியே என்று பூசி மெழுகாமல் சொன்னார். தம் நூல்களைப் படித்தும் அவற்றிலிருந்து எதையும் கற்றுக்கொள்ளவில்லையே என்ற ஆசிரியரின் வருத்தம் அதில் தெரிந்தது.

நூலுக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்பது நல்ல ஆசைதான். நானும் அந்த ஆசைக்காரி. 2022இல் 'பொன்னியின் செல்வன்' திரைப்படம் வந்தபோது ஆசிரியர் அறையில், "என் வந்தியத்தேவன் இவர் அல்லர்" என்று முதலில் குரல் கொடுத்தவள் நான். என் வந்தியத்தேவன் யார்? 1950களில் கல்கி இதழில் மணியம் வரைந்த ஓவியத்திலிருந்து என் தாத்தாவின் மூலம் எனக்கு வந்தவர். கல்கியின் எழுத்தை விடவும் மணியத்தின் கோடுகளையே நான் காத்துக்கொண்டிருந்தேன் என்பது பின்னர்தான் உறைத்தது. ஆகவே யாரையும் ஏளனம் செய்ய எனக்கு உரிமை இல்லை. ஆனால் ஆசை உண்மையானதா என்று சோதித்துப் பார்க்கலாம் அல்லவா?

அந்தச் சோதனையை வகுப்பிலேயே செய்தேன். முதல் நாள் செய்த தவறு இரண்டு இரவுகள் உறுத்தியபின், மூன்றாம் நாள் வெண்பலகையில் மூன்று கட்டங்கள் வரைந்தேன். முதற்கட்டம், புத்தகத்தில். இரண்டாவது, தொடரில். மூன்றாவது, புத்தகத்தில் அந்தச் செய்தி என்ன வேலை செய்தது? வகுப்பில் 28 பேர். முழு நூலையும் படித்தவர்கள் நால்வர் மட்டுமே. அந்த நால்வரையும் ஆளுக்கொரு குழுவில் அமர்த்தினேன். படிக்காதவர்கள் அவர்களைக் கேள்வி கேட்டுக் குடைந்தார்கள். நூல் ஆங்கிலத்தில், வாதம் தமிழில். கண்காணிப்பாளர் எவரும் அன்று வந்திருந்தால் நாள் பாடத்திட்டத்தில் இது எங்கே என்று கேட்டிருப்பார். வரவில்லை.

மெடூசாவும் மாய விடுதியும் முதலில் வந்தன. பிறகு எதிர்பார்த்தபடி அன்னபெத்தின் கூந்தல் வந்தது. "புக்குல தங்கக் கலர் முடி, டீச்சர்" என்றான் அன்று சிரிப்பைக் கிளப்பியவன். எழுதினேன். "பெர்சியின் முடி?" என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. நூலைப் புரட்டச் சொன்னேன். கறுப்பு முடி, கடல் பச்சை நிறக் கண்கள். தொடரில் பெர்சியாக நடிக்கும் வாக்கர் ஸ்கோபெலுக்கோ வெளிறிய பொன்னிற முடி, நீலக் கண்கள். பெர்சியின் கறுப்பு முடி கதையில் சும்மா வரவில்லை; தந்தை பொசைடனைப் போன்ற தோற்றம் அவனுக்கு என்பதற்கு அதுவே அடையாளம். ஆக, நாயகனின் முடியே மாறியிருக்கிறது. 28 பேரில் எவரும் அதைக் கவனிக்கவில்லை!

பையன் யோசித்தான். அவனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது என் நோக்கமன்று. பத்து வயதுப் பிள்ளை தானாக அப்படிச் சிரிப்பதில்லை. எங்கோ கேட்டதைத் திரும்பச் சொல்கிறது. நான் மேலும் ஒரு செய்தி சொன்னேன். 2010 திரைப்படத்தில் அன்னபெத்தாக நடித்தவருக்குப் பழுப்பு முடி. வாசகர்கள் குறைபட்டார்கள், 2013 படத்தில் அதைப் பொன்னிறமாக்கினார்கள். முடிந்தது கதை. முடியின் நிறம்தான் சிக்கல் என்றால் சாயக் குப்பி போதும். யாரும் ஒரு சிறுமியை அழவைக்க வேண்டியதில்லை.

மூன்றாம் கட்டத்தை நிரப்புவதுதான் கடினமாக இருந்தது. பொன்னிறக் கூந்தல் நூலில் என்ன வேலை செய்தது? பொன்னிறக் கூந்தல் கொண்ட பெண்கள் அறிவில் குறைந்தவர்கள் என்று அமெரிக்காவில் ஒரு கேலி உண்டு. அன்னபெத் அறிவுத் தெய்வம் அதீனாவின் மகள். தன்னைப் பார்த்ததும் அப்படி எடைபோடுபவர்களிடம் தன் அறிவை மெய்ப்பிக்க வேண்டிய நிலை அவளுக்கு. ஆகவே அந்த முடி சொல்வது, 'தோற்றத்தைக் கண்டு என்னைக் குறைத்து மதிக்காதே' என்பதுதான். ஒரு கறுப்பினச் சிறுமி அதே வேலையைச் செய்யமாட்டாளா? நன்றாகவே செய்வாள். எதிர்த்தவர்களே அதற்குச் சான்று தந்துவிட்டார்கள்!

ஆனால் மெடூசா வீட்டில் பிள்ளைகள் அறியாமல் இருந்தது செய்த வேலையை வேறெதுவும் செய்யவில்லை. ஆக, நூலில் இருந்த பெரிய செய்தியை மாற்றியதற்கு நியாயமான வருத்தம் கொள்ளலாம். வேலை மாறாமல் ஆள் மட்டும் மாறினால் வருந்த என்ன இருக்கிறது? இந்த வேறுபாட்டை என் மாணவர்கள் எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள் என்று பொய் சொல்லமாட்டேன். பாதிப் பேர் மூன்றாம் கட்டத்தில் 'தெரியவில்லை' என்று எழுதினார்கள். ஒருவன் 'அழகு' என்று எழுதினான்.

மூன்றாம் வரிசை மாணவியின் தாளை வீட்டில் திருத்தினேன். அன்று வாதத்தில் அவள் வாயைத் திறக்கவில்லை. ஆனால் நூலை முழுதும் படித்த நால்வரில் அவளும் ஒருத்தி, அக்காளின் நூல். மெடூசாவிற்கு நேரே இப்படி எழுதியிருந்தாள்: 'புத்தகத்தில் எனக்குத் தெரியும், பெர்சிக்குத் தெரியாது. அதனால் பயமாக இருந்தது. தொடரில் பெர்சிக்குத் தெரியும், அதனால் எனக்குப் பயம் வரவில்லை.' இதை விளக்கத் திறனாய்வு நூல்கள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. கூந்தலுக்கு நேரே இருந்த கட்டத்தை அவள் வெறுமையாக விட்டிருந்தாள்.

அந்த வெற்றுக் கட்டம் என்னை எங்கே கொண்டுபோனது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நாம் அமெரிக்காவில் நடந்ததைப் பற்றிப் பேசுகிறோம். ஹாலிவுட்காரர்கள் நிறம் பார்க்கிறார்கள், வெள்ளைக்கார வாசகர்கள் நிறம் பார்க்கிறார்கள் என்று உச்சுக் கொட்டுகிறோம். நம் பள்ளிகளில் ஆண்டு விழா நாடகத்திற்குத் தமிழ்த்தாய் வேடம் யாருக்குக் கொடுக்கிறோம்? இளவரசி வேடம்? சரசுவதி? பொங்கல் விழாவில் விருந்தினரை வரவேற்றுப் பன்னீர் தெளிக்க வாயிலில் நிறுத்தப்படும் பிள்ளைகள் யார் யார்? எந்தச் சுற்றறிக்கையும் இதைச் சொல்லவில்லை. தலைமையாசிரியர் எவரும் கட்டளையிடவில்லை. ஆசிரியைகள் நான்கு பேர் அமர்ந்து, "அந்தப் பிள்ளை மேடைக்கு எடுப்பாக இருக்கும்" என்கிறோம். "விளக்கு வெளிச்சத்தில் முகம் தெரிய வேண்டுமே" என்கிறோம். கறுப்பு என்ற சொல்லை நாம் பயன்படுத்துவதே இல்லை. அவ்வளவு நாகரிகமானவர்கள் நாம்.

நான்காம் ஆண்டில் இதே மாணவி தமிழ்த்தாய் வேடத்திற்குத் தேர்வில் நின்றாள். வசனம் முழுவதும் மனப்பாடம். லகர, ளகர, ழகரத்தில் ஒரு பிழை இல்லை. குரல் மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கும். அவளைப் பின்னணிக் குரலுக்குப் போடலாம் என்று சொன்னவள் நான். "இவ்வளவு நல்ல குரலை வீணாக்கக் கூடாது" என்று காரணமும் சொன்னேன். அந்தக் காரணத்தை நானே நம்பினேன் என்பதுதான் வெட்கக்கேடு. வேடம் வேறொரு பிள்ளைக்குப் போயிற்று. அப்பிள்ளைக்கு வசனம் இரண்டு இடங்களில் மறந்தது. சேலையும் கிரீடமும் மிக எடுப்பாக இருந்தன என்று பெற்றோர்கள் பாராட்டினார்கள்.

ஆகவே அன்று வகுப்பில் நான்கைந்து பேர் சிரித்தபோது நான் ஏன் பாடநூலைத் திறக்கச் சொன்னேன் என்பது இப்போது எனக்கு விளங்குகிறது. கண்டிக்க எழுந்த நாக்கில் என் பழைய சொல் ஒட்டியிருந்தது.

பெற்றோர்களிடம் ஒரு சொல். உங்கள் பிள்ளை தொலைக்காட்சியின் முன் அமர்ந்து, "புக்குல இப்படி இல்ல" என்று பொருமினால், "பேசாமல் பார்" என்று அடக்காதீர்கள். எப்படி இருந்தது என்று கேளுங்கள். நினைவிலிருந்து எடுத்து, ஒப்பிட்டு, காரணம் தேடிச் சொல்லும் அந்தப் பத்து நிமிடம், மாதம் இருநூறு ரிங்கிட் கொடுக்கும் பிரத்தியேக வகுப்பில் கிடைக்காது. நீலாம் வாசிப்புப் பதிவேட்டில் நூலின் பெயரையும் பக்க எண்ணிக்கையையும் எழுதி முத்திரை வாங்குவதால் இந்தத் திறன் வருவதில்லை. சண்டை போட்டால் வருகிறது. அதே பிள்ளை, "அவ கறுப்பா இருக்கா" என்றால் அப்போதும் அடக்காதீர்கள். பெர்சியின் முடி என்ன நிறம் என்று கேளுங்கள். பிறகு இந்தச் சொல்லைப் பிள்ளை எங்கே கேட்டது என்று நமக்குள் கேட்டுக்கொள்வோம். திருமண வரன் பார்க்கும்போது கேட்டதா, பிறந்த குழந்தையைப் பார்க்கப்போன இடத்தில் கேட்டதா, இல்லை, நாடக ஒத்திகையில் ஆசிரியையிடம் கேட்டதா?

அவள் ஆறாம் ஆண்டுக்கு வந்தாள். அவ்வாண்டின் தமிழ்மொழி விழாவிற்கு மீண்டும் தமிழ்த்தாய் நாடகம். ஆசிரியர் கூட்டத்தில் அவள் பெயரை நான் முன்மொழிந்தேன். ஒரு நொடி அமைதி. பின்னர் ஒருவர், "மேடை வெளிச்சம் எப்படி இருக்குமோ" என்றார். நான் இரண்டாண்டுக்கு முன் சொன்ன அதே வாக்கியம், அதே தொனி. "வெளிச்சத்தைக் கூட்டுவோம்" என்றேன். மறுப்பில்லை. அவரும் நல்லவர்தான், என்னைப் போலத்தான்.

மறுநாள் அவளை அழைத்துச் சொன்னேன். மகிழ்வாள் என்று எண்ணியிருந்தேன். அவள் காலணியைப் பார்த்தபடி, "வேணாம், டீச்சர். நான் குரலே கொடுக்கிறேன். எனக்கு அதுதான் வரும்" என்றாள்.

வற்புறுத்தினேன். அம்மாவிடம் பேசட்டுமா என்றேன். தலையாட்டி மறுத்துவிட்டாள். நாடகத்தன்று திரைக்குப் பின்னால் ஒலிவாங்கியின் முன் நின்று பேசினாள். ஒரு பிழை இல்லை. கடைசி வரிசை வரை கேட்டது. மேடையில் வேறொரு பிள்ளை அந்தக் குரலுக்கு வாயசைத்துக்கொண்டிருந்தாள்.